தனிச்சுற்றுக்கு மட்டும்

நம் வட்டம் தொடங்கிய ஆண்டில் வெளியிட்ட கவிதைத் தாள் ஒன்று, இம்மலருக்காகப் பழைய கட்டுகளைப் பிரித்தபோது என் கைக்கு வந்தது. ஒளிநகல் எடுத்த எட்டுப் பக்கங்கள். நடுவில் இரண்டு கம்பிகள். அவற்றின் துரு தாளில் ஊறிச் செம்பழுப்பாய்ப் படர்ந்திருந்தது. வெளியிட்ட நாள் இல்லை. எத்தனை படிகள் எடுத்தோம் என்ற குறிப்பும் இல்லை. முகப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் தெளிவாக இருந்தது: 'தனிச்சுற்றுக்கு மட்டும்'. அதைப் போடச் சொன்னவன் நானே. ஏன் என்று அன்று எவரும் கேட்கவில்லை. சிற்றிதழ்கள் எல்லாம் அவ்வாறு போட்டன, நாமும் போட்டோம்.

அவ்வரிக்கு ஒரு வரலாறு உண்டு. நம்முடைய சிற்றிதழ்களும் சொந்தச் செலவில் அச்சிட்ட கவிதைப் பிரசுரங்களும் பொது நூலகங்களில் ஏன் இத்துணை அரிதாய்க் காணப்படுகின்றன என்ற வினாவுக்கு விடையின் பெரும்பகுதி அவ்வரலாற்றுக்குள் இருக்கிறது என்பது என் துணிபு.

1857ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பத்தாண்டுகள் கழித்து, 1867இல், ஆங்கிலேய அரசு அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டமொன்றை இயற்றியது. ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் பொறிக்கப்பட வேண்டும். நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் அச்சகத்தார் அரசுக்கு ஒரு படியும், அரசு கேட்பின் மேலும் இரண்டு படிகளும் இலவசமாகத் தரவேண்டும். அவ்வாறு வந்த நூல்களின் பட்டியலை அந்தந்த மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் வெளியிட வேண்டும். குடிமக்கள் என்ன அச்சிடுகிறார்கள் என்று அறிந்து வைக்க விரும்பிய ஓர் அரசின் செயல் இது, அதில் ஐயமில்லை. ஆயினும் அச்சட்டத்தின் முகப்புரை, நூற்படிகளைப் பாதுகாத்தலையும் ஒரு நோக்கமாகக் கூறியது. கூறியதோடு நில்லாமல், அந்நோக்கம் எதிர்பாராத அளவுக்கு நிறைவேறியும் விட்டது.

அப்பட்டியல்களின் கட்டங்கள் பார்க்கத்தக்கவை. நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட ஊர், அச்சகத்தார், வெளியீட்டாளர், வெளிவந்த நாள், தாள்களின் எண்ணிக்கை, அளவு, எத்தனையாம் பதிப்பு, எத்தனை படிகள், அச்சா கல்லச்சா, விலை, உரிமையாளர் பெயர், அவர் வாழுமிடம் என ஒன்றும் விடப்படவில்லை. இத்தனையும் யாருக்கு? கம்பனுக்கும் வள்ளுவருக்கும் மட்டுமல்ல. சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற எட்டுப் பக்கச் சிந்துக்கும் இதே கட்டங்கள்தாம். ஒரு கொலை நிகழ்ந்தால் அதன்மேல் ஒரு சிந்து. வெள்ளம் வந்தால் ஒரு சிந்து. ரயில் கவிழ்ந்தால், அரிசி விலை ஏறினால், ஊரில் திருவிழா நடந்தால் அவற்றின்மேலும் சிந்தோ தெம்மாங்கோ ஒப்பாரியோ சுடச்சுட அச்சாகித் தெருமுனையில் பாடி விற்கப்பட்டன. கற்றோர் அவற்றைக் கையால் தொடவும் கூசினர். தமிழ்ப் புலவர் எவரும் தம் அலமாரியில் அவற்றுக்கு இடம் தந்திலர். ஆனால் அரசு அலுவலர் ஒருவர் அவற்றையும் வாங்கி, எண்ணிட்டு, பட்டியலில் ஏற்றினார். அப்பட்டியலைப் பார்த்து லண்டனிலிருந்த இந்தியா ஆபீஸ் நூலகமும் பிரிட்டிஷ் மியூசியமும் தாம் வேண்டியவற்றைத் தேர்ந்து பெற்றுக்கொண்டன. 1909இல் பார்னெட்டும் போப்பும் தொகுத்த பிரிட்டிஷ் மியூசியத் தமிழ் நூற்பட்டியலைப் புரட்டினால், இலக்கண நூல்களுக்கு அருகிலேயே இத்தகைய சில்லறைப் பிரசுரங்களும் அகரவரிசையில் அமைந்திருப்பது தெரியும்.

ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் வெளியிட்ட 'முச்சந்தி இலக்கியம்' இப்பிரசுரங்களைப் பற்றியது. அந்நூலைப் படிக்கும்போது எனக்குத் தோன்றிய எண்ணம் ஒன்று. பெயரறியாத ஒரு தெருப்பாடகரின் எட்டுப் பக்கப் பாட்டு எத்தனை படி அச்சாயிற்று, என்ன விலைக்கு விற்றது என்று நூறாண்டுக்குப் பின்னும் சொல்ல முடிகிறது. 1970களில் நன்கு கற்ற இளைஞர்கள் நடத்திய ஒரு கவிதை இதழ் எத்தனை படி அச்சாயிற்று, எப்போது நின்றது என்று கேட்டால், அதை நடத்தியவர்களே ஆளுக்கொன்று சொல்லுகிறார்கள்.

சொந்தச் செலவில் அச்சிடுதல் நம்மவர்க்குப் புதிதன்று. பாரதியின் கவிதைகள் முதலில் நூல்வடிவம் பெற்றது எவ்வாறு? 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மூன்று பாடல்களைச் சிறு பிரசுரமாக 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மறு ஆண்டு பாரதி தாமே 'ஸ்வதேச கீதங்க'ளை வெளியிட்டார். பின்னர், 1920இல் கடயத்தில் இருந்தபோது, தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகளாக அச்சிடப்போவதாகக் கூறி, நண்பர்களிடம் கடன் வேண்டிச் சுற்றறிக்கை அனுப்பினார். அத்திட்டம் அச்சேறவில்லை, சுற்றறிக்கை மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு துண்டுத்தாள் நிலைத்ததால் ஒரு கனவு தெரியவந்தது என்று இதனைச் சொல்லலாம்.

நிற்க. விடுதலைக்குப் பின் நம் சட்டங்கள் என்ன செய்தன என்று காண்போம். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற் சட்டம் இதுவே. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சியின் பயன் அது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்பட்டு ஊர்தோறும் கிளை நூலகங்கள் எழுந்தன. நம்முள் பலரும் கவிதை வாசிக்கக் கற்றது அக்கிளைகளில்தான். 1954இல் நடுவணரசு நூல்களை ஒப்படைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு வெளியீட்டாளரும் நூல் வெளிவந்த முப்பது நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு படியும், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு மூன்று பொது நூலகங்களுக்கு ஒவ்வொரு படியும் தம் செலவில் அனுப்ப வேண்டும். 1956இல் செய்தித்தாள்களும் இதில் சேர்க்கப்பட்டன. இச்சட்டத்தில் 'நூல்' என்பதற்குக் கூறிய வரையறை நாம் கருத்தூன்றிப் படிக்கத்தக்கது. பல தொகுதி கொண்ட நூலின் ஒரு பகுதியும் நூல், தனித்தாளில் அச்சிட்ட இசைக்குறிப்பும் நூல், வரைபடமும் நூல், சிறு பிரசுரமும் நூல். ஆகவே பதினாறு பக்கக் கவிதைப் பிரசுரம் நூலகத்துக்கு உரியதன்று என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. சொன்னவர் நாமே.

சட்டத்தை மீறினால் தண்டனை என்ன? ஐம்பது ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும். இதற்கஞ்சி எவரும் படி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கவிஞரின் கணக்கும் இரக்கத்துக்குரியதே. மனைவியின் வளையலை அடகு வைத்து முந்நூறு படி அச்சிட்டவர், நான்கு படிகளைக் கட்டித் தபால் செலவு செய்து, தமிழ் அறியாத மூன்று நகரங்களுக்கு அனுப்பக் கை வருமா? கன்னிமாராவுக்கேனும் அனுப்பியிருக்கலாம். அதையும் பெரும்பாலோர் செய்யவில்லை.

இதழ்களின் நிலை இன்னும் சிக்கலானது. பொதுச்செய்தியோ அதன்மேல் கருத்தோ தாங்கி வரும் அச்சிட்ட பருவ வெளியீடு செய்தித்தாள் எனப்பட்டது; அதற்கு நீதிபதியின் முன் உறுதிமொழி, பெயர் ஒப்புதல், பதிவு, ஆண்டறிக்கை எனப் பல படிகள் ஏறியாக வேண்டும். பதிவு பெற்றால் தபாலில் சலுகை உண்டு. ஆனால் ஆண்டுக்கு மூன்று இதழோ நான்கு இதழோ, அதுவும் கையில் பணம் சேரும்போது கொண்டுவரும் இளைஞர்க்கு அப்படிகள் மலையாய்த் தோன்றின. 'இது பொது விற்பனைக்கன்று. நண்பர்களுக்குள் சுற்றுவது' என்று அறிவித்துவிட்டால் தொல்லை விட்டது. இவ்வாறு பிறந்ததே 'தனிச்சுற்றுக்கு மட்டும்'. அது ஒரு கேடயம். பின்னர் அது ஒரு பெருமையும் ஆயிற்று என்பதை மறைக்க வேண்டா. பெரும்பத்திரிகைகளின் லட்சக்கணக்குக்கு எதிராக, 'நாங்கள் சிலருக்காக எழுதுகிறோம்' என்று சொல்லும் கொடியாக அதனை உயர்த்தினோம். ஆனால் தனிச்சுற்று என்று எழுதிய இதழை எந்த நூலகம் தேடி வாங்கும்? பதிவு இல்லாததால் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் நூலகர் அறியார். அறிந்து வாங்கிய ஓரிரு கிளைகளிலும், இதழ் மேசையில் சில வாரம் கிடந்து, பின் பழைய தாள் கணக்கில் எடைக்குப் போயிற்று. ஊர்ப்பெயர் வேண்டா; அவ்வாறு எடைக்குப் போன கட்டு ஒன்றிலிருந்து நான்கு இதழ்களை நானே விலைகொடுத்து மீட்டிருக்கிறேன்.

எல்லாரும் இவ்வாறிருந்தனர் என்றும் சொல்லல் ஆகாது. 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். எழுத்து பிரசுரம் என்ற பெயரில் நூல்களை வெளியிட்டார். புத்தகப் பைகளைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக அவர் சென்ற கதை நம் வட்டத்தில் அறியாதார் இல்லை. 1997இல், முதுமையில், 'சுதந்திர தாக'த்தின் மூன்று பாகங்களையும் தாமே அச்சிட்டார். அவர் மறைந்த பின், 2001இல், அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. சொந்தப் பதிப்பு என்றாலே கூடுதலாக ஒரு படி இளக்காரம் சேர்த்துப் பார்ப்போர் இதனை நினைவிற்கொள்க. கோவையிலிருந்து 1971இல் கிளம்பிய 'வானம்பாடி' தன்னை விலையிலாக் கவிமடல் என்றே அழைத்துக்கொண்டது. விலை இல்லாததால் விற்பனைக் கணக்கும் இல்லை. பெற்றவர் காத்தால் உண்டு.

அச்சின் இயல்பையும் இங்குச் சொல்ல வேண்டும். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், சிறு அச்சகத்தாரிடம் எழுத்து நிறைய இராது. ஒரு ஃபாரம் ஓடி முடிந்ததும் அடுத்த ஃபாரத்துக்காக எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிடுவர். ஆகவே முந்நூறு என்றால் முந்நூறுதான். மறுநாள் மூன்று படி வேண்டுமென்றாலும் முதலிலிருந்து கோக்க வேண்டும். கையெழுத்துப் பத்திரிகைகளோ இன்னும் ஒரு படி மேல். உலகில் ஒரே ஒரு படி. வல்லிக்கண்ணன் 'இதய ஒலி' என்றொரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர். 'தமிழில் சிறு பத்திரிகைகள்' என்ற அவருடைய நூல், பிற்காலத்தில் எங்கும் காணக் கிடைக்காத பல இதழ்களுக்கு ஒரே சான்றாக நிற்கிறது. ஒருவருடைய நினைவாற்றலை நூலகமாகக் கொண்டு ஓர் இலக்கிய மரபு எத்தனை நாள் வாழும்?

இதனால் இழப்பது என்ன என்று கேட்கலாம். ஆத்மாநாமை எண்ணிப் பாருங்கள். 1984இல் முப்பத்து மூன்று வயதில் மறைந்தார். உயிரோடிருந்தபோது வந்த ஒரே தொகுப்பு 'காகிதத்தில் ஒரு கோடு' என்ற சிறு நூல். ஏனைய கவிதைகள் சிற்றிதழ்களிலும் கையெழுத்துப் படிகளிலும் கிடந்தன. பிரம்மராஜன் அவற்றைத் திரட்டியதால் இன்று நமக்கு ஆத்மாநாம் இருக்கிறார். எந்த வரி கவிஞருடையது, எந்த வரி பின்னர் மாறியது என்று தேற வேண்டுமானால் மூல இதழைப் புரட்டியே ஆகவேண்டும். புதுமைப்பித்தன் கதைகளுக்கு 2000இல் வந்த செம்பதிப்பும் 'மணிக்கொடி' முதலிய இதழ்களின் முதல் வடிவங்களைத் தேடியதால் அமைந்ததே. மூலத்தாள் இல்லையேல் பாடமும் இல்லை.

அரசும் ஆசிரியரும் காவாததைக் காத்தவர்கள் தனியாட்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அவர்களுள் தலையாயவர். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த அவர், நூல்களோடு திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கைவிளம்பரம் என்று பிறர் குப்பை எனத் தள்ளியவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. கடல் கடந்து கொண்டு செல்லாமல் அதனைச் சென்னையிலேயே நிறுத்தி ஆராய்ச்சி நூலகம் ஆக்கியது பெருந்தன்மை. அதே வேளையில், அதை வாங்கத் தமிழகத்தில் எவரும் முன்வராமற் போனது எதனால் என்று என் மனம் கேட்கிறது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் வளர்த்த ஞானாலயாவில் முதற்பதிப்புகளையும் பழைய இதழ்களையும் கண்டவர் நம்முள் சிலர் உண்டு. ஓர் ஆசிரியத் தம்பதியர் தம் ஊதியத்தில் செய்த பணி அது.

இலங்கைத் தமிழர் இப்பாடத்தைக் கொடிய விலை கொடுத்துக் கற்றனர். 1981ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. லண்டனிலும் சென்னையிலும் அச்சான நூல்களுக்கு வேறிடத்துப் படிகளைத் தேடலாம். ஊர் அச்சகத்தில் இருநூறு படி ஓடிய பிரசுரத்தை எங்கே தேடுவது? பின்னர்ப் போரினால் அகதிகளாய் ஐரோப்பா சென்ற இளைஞர்கள், தமிழ் அச்செழுத்து இல்லாத நாடுகளில் கையால் எழுதியும் தட்டச்சு செய்தும் ஒளிநகல் எடுத்துச் சிற்றிதழ்கள் நடத்தினர். ஜெர்மனியில் 'தூண்டில்', நோர்வேயில் 'சுவடுகள்', சுவிட்சர்லாந்தில் 'மனிதம்' எனப் பெயர்கள் நீளும். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் இவற்றையும், 1966 முதல் டொமினிக் ஜீவா தோளில் சுமந்து தெருவில் விற்ற 'மல்லிகை'யையும் சேர்த்து வருகிறது. இறந்தவர் நினைவாக வீட்டார் அச்சிட்டு வழங்கும் நினைவு மலர்களுக்குக்கூட அங்கே இடமுண்டு. ஒரு குடும்பம் தன் செலவில் அச்சிட்ட மெல்லிய புத்தகத்தில் ஓர் ஊரின் பள்ளியும் கோயிலும் கப்பற்பயணமும் அடங்கியிருப்பதை அவர்கள் அறிந்துகொண்டார்கள்.

நூலகரின் இடரையும் நாம் உணர வேண்டும். முதுகு இல்லாத பிரசுரத்தில் எண் சீட்டை எங்கே ஒட்டுவது? ஆசிரியர் பெயருக்குப் பதில் 'நண்பர்கள்' என்றிருந்தால் எவர் பெயரில் பதிவது? இதழ் 1, இதழ் 2, பின் ஈராண்டு கழித்து 'மறுபிறப்பு இதழ்' என்று வந்தால் வரிசை என்னாவது? அமெரிக்காவில் ஸால்ட் லேக் சிட்டி நகரப் பொது நூலகம் 1997இல் இத்தகைய கைவெளியீடுகளுக்கென்றே ஒரு தொகுப்பைத் தொடங்கியது. அங்கே அவற்றை 'ஸீன்' என்பர். அமிலமற்ற உறையும் பெட்டியும் ஒரு பதிவேடும் இருந்தால் நம் மாவட்ட நூலகங்களிலும் இது நடக்கும். அதற்குமுன், நாளும் ஊரும் படி எண்ணிக்கையும் நாம் அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

1867ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2023இல் இயற்றப்பட்டு 2024 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பருவ இதழ்களை மட்டும் ஆளுகிறது. நூல்கள் அதன் எல்லைக்கு வெளியே போய்விட்டன. வேவு பார்க்கும் கண் மூடியது நன்றே. அக்கண்ணுக்குப் பின்னால் பட்டியல் எழுதிய கையும் ஓய்ந்துவிட்டது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும், எவரும் மதியாத தன் ஐம்பது ரூபாய் அபராதத்தோடு, மிஞ்சியிருக்கிறது.

நம் வட்டத்தின் கணக்குக்கு வருகிறேன். பத்தாண்டில் நாம் வெளியிட்ட தாள்களையும் நூல்களையும் இம்மலர்க்குழு திரட்டியதில், முதலாண்டின் மூன்றாம் தாளும் ஐந்தாம் தாளும் எவரிடமும் அகப்படவில்லை. ஏனையவற்றுள் இவ்விரண்டு படிகள் மாவட்ட மைய நூலகத்துக்கும் கன்னிமாராவுக்கும் இம்மலரோடு செல்லும். நாளும் எண்ணிக்கையும் நினைவிலிருந்து எழுதி உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறோம். ஐந்தாம் தாளில், நம்மை விட்டுப் பிரிந்த அன்பர் ஒருவரின் கவிதை வந்தது. அவர் அச்சுக்குக் கொடுத்தது அந்த ஒன்றுதான். பன்னிரண்டு அடி என்பது என் நினைவு. அன்று ஒளிநகல் எடுக்க உடன் வந்த நண்பர் பதினான்கு என்கிறார். கிணற்றடியில் காயும் வெண்கலக் குடத்தோடு அது முடிந்தது என்பதில் மட்டும் இருவரும் ஒத்திருக்கிறோம். அத்தாள் எவர் வீட்டுப் பரணிலேனும் இருந்தால், கிழிந்திருந்தாலும், மலர்க்குழுவுக்கு அனுப்பி வைக்குமாறு வேண்டுகிறேன்.